கிட்டங்கிச் சரக்கை எத்தனை கட்டமாகப் பதிவது? (வற்றல், பருப்பு மொத்த வியாபாரம்)

ஆலங்குளம்_கிட்டங்கி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். ஆலங்குளத்துக்கும் பாவூர்சத்திரத்துக்கும் நடுவில் ஒரு மொத்த வியாபாரக் கிட்டங்கியில் (சரக்குக் கிடங்கில்) இருப்புக் கணக்கு என் பொறுப்பு. உளுந்து, துவரம்பருப்பு, பாசிப்பயறு, மிளகாய் வற்றல், மல்லி, புளி எல்லாம் உண்டு. விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கத்துக் கரிசல் உளுந்து வரும், பர்மா உளுந்தும் வரும். வற்றலில் பாதி உள்ளூர், பாதி குண்டூர். அம்பாசமுத்திரத்திலும் தென்காசியிலும் எங்களுக்கே கடை இருக்கிறது. கடையநல்லூர், சுரண்டை, புளியங்குடி வியாபாரிகள் மினி லாரியோடு நேரே வந்து ஏற்றிப் போவார்கள்.

ஓடூ (Odoo) என்ற வியாபாரக் கணக்கு மென்பொருளின் கட்டணமில்லாத கம்யூனிட்டி பதிப்பில் கணக்கு ஓடுகிறது. இப்போதைக்கு வரவுக்கும் ஒரே அழுத்து, போக்குக்கும் ஒரே அழுத்து. கொள்முதல் பில் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்ததும் பில்லிங் தம்பி வரவை முடித்துவிடுகிறான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அன்றன்றைக்குக் கொள்முதல் எவ்வளவு என்று முதலாளிக்குத் தெரிய வேண்டும். ஆனால் லாரி அப்போது கோவில்பட்டியைக்கூடத் தாண்டியிருக்காது. திரையில் 240 மூட்டை உளுந்து நிற்கும். விற்பனை பார்க்கிறவர் அதைப் பார்த்துப் போனிலேயே விலை முடித்துவிடுவார். மறுநாள் காலையில் வியாபாரி வண்டியோடு வாசலில் நிற்பார், சரக்கு இருக்காது. வண்டி வாடகை யார் தலையில் என்று அரை மணி நேரம் பேச்சு.

வற்றல் கதை வேறு. இறங்கிய மூட்டையை முதலாளி மறுநாள் கையை விட்டு அள்ளி, ஒன்றிரண்டை ஒடித்துப் பார்த்த பிறகுதான் 'சரி, அட்டி போடு' (மூட்டைகளை அடுக்கு) என்பார். ஈரம் இருந்தால் தளத்தில் காய வேண்டும். ஆனி, ஆடியில் தென்காசிப் பக்கம் சாரல் பிடித்துவிட்டால் காயவைத்து எடுக்க நாள் ஆகும். அந்த மூட்டைகளும் கணக்கில் விற்பனைக்கு உள்ள இருப்பாகத்தான் நிற்கின்றன.

போக்கிலும் தொல்லைதான். அம்பாசமுத்திரம் கடைக்கான மூட்டைகளைச் சாயந்திரமே வாசல் பக்கம் எடுத்து வைப்பார்கள், வேன் காலையில் வரும். நடுவில் யாராவது வியாபாரி அவசரமாக வந்தால் லோடுமேன்கள் அதிலிருந்தே 2 மூட்டையைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். அம்பாசமுத்திரத்தில் குறைகிறது, இங்கே அட்டியில் கூடுகிறது. இரண்டு பக்கமும் கணக்கு ஒத்துப்போகாது.

மென்பொருள் போட்டுக் கொடுத்தவர், வரவில் 3 கட்டம் (இறக்குவது, ஆய்வு, அட்டி ஏற்றுவது), போக்கில் 3 கட்டம் (எடுத்து வைப்பது, பேக்கிங், வண்டியில் ஏற்றுவது) போட்டுவிடுங்கள், எல்லாம் நேராகிவிடும் என்கிறார். முதலாளியோ ஒரு மூட்டைக்கு ஆறு தடவை எழுத ஆள் எங்கே என்கிறார். இங்கே இருப்பது நான் ஒருத்தி, பில்லிங் தம்பி, மேஸ்திரி இருவர், அவ்வளவுதான். கட்டம் கூடினால் வேலை கூடும், குறைந்தால் இப்போது போலக் குழப்பம். எங்கே நிறுத்துவது? இந்த மாதிரி மூட்டை வியாபாரத்தில் கட்டம் கட்டமாகப் பதிகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

விகேபுரம்_ஸ்டோர்ஸ் எழுதியது:

அம்மா, உங்கள் கேள்விக்கு என்னால் பதில் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். ஓடூ எனக்குத் தெரியாது. பஞ்சு மில் ஸ்டோர்ஸிலேயே தலை நரைத்தவன் நான். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னாலேயே எங்களுக்குக் கட்டங்கள் இருந்தன. கேட்டில் ஒரு பதிவேடு. இறக்கி எண்ணியதும் சரக்கு வரவுச் சீட்டு, நாங்கள் ஜி.ஆர்.என். என்போம். அதற்குப் பிறகு ஆய்வுக் குறிப்பு. அது தேறினால்தான் ரேக்கில் தொங்கும் இருப்பு அட்டையில் (bin card) ஏறும். ரேக்கை விட்டு வெளியே போக, சரக்கு கேட்டு எழுதும் இண்டென்ட் சீட்டு. இத்தனையும் யாரோ மேஜையில் உட்கார்ந்து யோசித்து வைத்தவை இல்லை. ஒவ்வொரு சீட்டுக்கும் பின்னால் ஒரு சண்டை இருந்திருக்கும்.

என் கணக்கு இதுதான்: சரக்கு கை மாறினால் ஒரு கட்டம், இராத் தங்கினால் ஒரு கட்டம். இந்த இரண்டும் இல்லாத இடத்தில் கட்டம் வைக்காதீர்கள்.

கை மாறுவது என்றால், இதுவரை ஒருவர் பதில் சொல்ல வேண்டியிருந்த சரக்குக்கு இனி வேறொருவர் பதில் சொல்ல வேண்டும் என்ற இடம். லாரி டிரைவரிடமிருந்து உங்கள் மேஸ்திரி வாங்குகிறார், அங்கே கை மாறுகிறது. எடை மேடைச் சீட்டில் பார வண்டி எடை, காலி வண்டி எடை இரண்டையும் பார்த்துக் கழித்து, மூட்டையை எண்ணிக் கையெழுத்துப் போடுகிற இடம் அது. குறைந்தால் அந்த நிமிஷமே குறைவு என்று எழுத வேண்டும். டிரைவர் போன பிறகு எழுதும் குறைவை எந்தத் தரகரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

இராத் தங்குவது என்றால், எடுத்த சரக்கு வைக்கவேண்டிய இடத்துக்குப் போகாமல் நடுவழியில் ஒரு இரவு கிடக்கிறது. உங்கள் வாசல் மூட்டைகள் அப்படித்தான் கிடக்கின்றன. கை மாறவில்லைதான், ஆனால் அதற்கென்று கணக்கில் ஒரு இடம் இல்லாததால் யாருக்கும் சொந்தமில்லாத சரக்காகிவிடுகிறது. யாருக்கும் சொந்தமில்லாத மூட்டையைத் தூக்கிப் போக லோடுமேனுக்கு யோசனையே வராது.

உளுந்தை எடுத்துக்கொள்ளுங்கள். இறக்குகிற மேஸ்திரியே மூட்டைக்குள் குத்தூசி விட்டுப் பார்த்து, அன்றைக்கே அட்டியும் போட்டுவிடுகிறாரா? அப்படியானால் இறக்கினோம், அட்டியில் ஏற்றினோம் என்று 2 கட்டம் தாராளம். ஆய்வுக்குத் தனியாக ஒன்று வைத்தால் அதே ஆள் அதே நேரத்தில் இன்னொரு முறை அழுத்துவார், அவ்வளவுதான் நடக்கும். வற்றல் அப்படியில்லை. பார்க்கிறவர் முதலாளி, பார்ப்பது மறுநாள். கையும் மாறுகிறது, இராவும் தங்குகிறது. அதற்கு 3 கட்டம் கட்டாயம். எங்கள் மில்லிலும் உதிரி பாகங்களுக்கு ஒரு வழி, பஞ்சுப் பொதிக்கு ஒரு வழி. பஞ்சு காற்றிலிருந்து ஈரம் குடிக்கும், 8.5 சதவீதம் என்பது வியாபாரத்தில் ஒத்துக்கொண்ட அளவு. பொதியிலிருந்து மாதிரி எடுத்துச் சோதித்து முடிவு வரும் வரை அந்த லாட்டின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு குறி இருக்கும், ஒருவரும் தொட மாட்டார்கள்.

போக்கில் எடுத்து வைத்தோம், வண்டியில் ஏற்றினோம் என்று 2. பேக்கிங் என்று தனிக் கட்டம் உங்களுக்கு எதற்கு? மூட்டை மூட்டையாகவே வருகிறது, மூட்டையாகவே போகிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும், இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கணக்கில் 'இறக்கும் இடம்' என்று ஒரு பெயர் வைத்தால் கிட்டங்கித் தரையிலும் அந்த இடம் இருக்க வேண்டும். மஞ்சள் பெயின்டில் கோடு போட்டு, சுவரில் அதே பெயரை எழுதுங்கள். வாசல் மூட்டைக்கும் அப்படியே. தரையில் கோடு இல்லாவிட்டால் மென்பொருளில் எத்தனை கட்டம் போட்டாலும் மூட்டை எங்கே கிடக்கிறது என்பதை லோடுமேன்தான் தீர்மானிப்பார்.

பாளை_ஓடூ எழுதியது:

அண்ணாச்சி சொன்ன கணக்கை அப்படியே ஓடூவில் எப்படி வைப்பது என்று சொல்கிறேன். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு சின்னச் சின்ன நிறுவனங்களுக்கு இதைப் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை.

முதலில் இன்வென்ட்டரி செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் லொகேஷன்ஸ், மல்டி ஸ்டெப் ரூட்ஸ் இரண்டையும் டிக் செய்யுங்கள். பிறகு வேர்ஹவுஸ் பக்கத்தில் வரவை 2 கட்டம், போக்கை 2 கட்டம் என்று தேர்ந்தெடுத்தால் போதும். வரவில் 'இன்புட்', போக்கில் 'அவுட்புட்' என்ற லொகேஷன்கள் உயிர் பெறும். இந்தப் பெயர்களைத் தமிழில் மாற்றிக்கொள்ளலாம். 'இறக்கும் இடம்', 'ஏற்றும் இடம்' என்றே வையுங்கள், அண்ணாச்சி சொன்ன மாதிரி சுவரிலும் அதையே எழுதுங்கள்.

மாற்றும் முன்னால் பாதியில் நிற்கும் வரவு, போக்கு எல்லாவற்றையும் முடித்துவிடுங்கள் அல்லது ரத்து செய்யுங்கள். பழைய ஆவணங்கள் பழைய வழியிலேயே போகும், புதியவை புதிய வழியில் போகும். இரண்டும் கலந்து ஓடினால் மேஸ்திரிகளுக்கு முதல் வாரத்திலேயே இதன் மேல் நம்பிக்கை போய்விடும்.

இப்போது நீங்கள் கவனிக்க வேண்டிய பெரிய விஷயம். 2 கட்டம் போட்டாலும், பொருளின் பக்கத்தில் தெரியும் மொத்தக் கையிருப்பு எண் இன்புட்டில் கிடப்பதையும் சேர்த்தே காட்டும். இன்புட், அவுட்புட் எல்லாமே அந்த வேர்ஹவுஸுக்குள் இருக்கும் லொகேஷன்கள்தானே. ஆனால் விற்பனை ஆர்டருக்கு மூட்டையை ஒதுக்கும்போது ஓடூ 'ஸ்டாக்' லொகேஷனிலும் அதன் கீழே உள்ள கிளைகளிலும் மட்டும்தான் தேடும். ஆகவே உங்கள் விற்பனைக்காரர் முகப்பு எண்ணைப் பார்த்து வாக்குக் கொடுத்தால் பழைய சண்டை திரும்பவும் வரும். அவருக்கு லொகேஷன் வாரியாக இருப்பைக் காட்டும் அறிக்கையை ஸ்டாக் லொகேஷனுக்கு வடிகட்டி, ஃபேவரிட்டாகச் சேமித்துக் கொடுங்கள். இனி அவர் பார்க்க வேண்டிய திரை அது ஒன்றுதான்.

அதற்கும் முன்னால், பில் வந்ததும் வரவை முடிக்கிற பழக்கம் நிற்க வேண்டும். கொள்முதல் ஆர்டரை மட்டும் பில்லிங் தம்பி உறுதி செய்யட்டும். வர வேண்டியது எவ்வளவு என்பது அதிலேயே முதலாளிக்குத் தெரிந்துவிடும், முன்கணிப்பு இருப்பிலும் ஏறும், கையிருப்பில் மட்டும் ஏறாது. வரவை வேலிடேட் செய்வது, அதாவது சரக்கு வந்துவிட்டது என்று அழுத்தி முடிப்பது, வாசலில் நிற்கும் மேஸ்திரியின் வேலை. 240 மூட்டைக்கு 236 வந்தால் 236 என்று போட்டு வேலிடேட் செய்ய வேண்டும். மிச்சத்துக்குப் பேக்ஆர்டர் (பாக்கிக்கான தனி வரவு) வேண்டுமா என்று அதுவே கேட்கும். அடுத்த வண்டியில் வரும் என்றால் ஆம், இனி வராது என்றால் இல்லை.

வற்றலுக்கு வருவோம். வேர்ஹவுஸ் பக்கத்தில் தேர்ந்தெடுக்கும் கட்ட எண்ணிக்கை எல்லாச் சரக்குக்கும் பொது. அங்கே 3 என்று போட்டால் உளுந்தும் ஆய்வு வழியாகத்தான் போகும். அதனால் அங்கே 2-ஐ விட்டுவிட்டு, வற்றலுக்கென்று ஒரு புராடக்ட் கேட்டகரி உண்டாக்கி, அதற்குத் தனி ரூட் (சரக்கு போகும் வழி) போடுங்கள். இன்புட்டிலிருந்து 'பதம் பார்க்கும் இடம்', அங்கிருந்து ஸ்டாக் என்று அதில் 2 புஷ் ரூல் (ஓரிடத்துக்கு வந்த சரக்கை அடுத்த இடத்துக்குத் தள்ளும் விதி). பொருளுக்கோ கேட்டகரிக்கோ உள்ள ரூட்டைப் பார்த்த பிறகுதான் ஓடூ வேர்ஹவுஸ் ரூட்டுக்கு வரும் என்பதால் இது மோதாது.

'பதம் பார்க்கும் இடம்', 'காயப்போடும் தளம்' இரண்டையும் உண்டாக்கும்போது அவற்றின் பேரன்ட் லொகேஷனாக ஸ்டாக்கைப் போட்டுவிடாதீர்கள். ஸ்டாக்கின் கீழே வைத்தால் தளத்தில் காய்கிற ஈர வற்றலையும் ஓடூ விற்பனைக்கு ஒதுக்கும். ஸ்டாக்குக்குப் பக்கத்தில், வேர்ஹவுஸுக்கு நேர் கீழே வையுங்கள். இந்த ஒரே வரி தப்பினால் உங்கள் 3 கட்டமும் வீண்.

காய்ந்தால் எடை குறையும், அதற்கும் ஒரு இடம் வேண்டும். இன்வென்ட்டரி லாஸ் வகையில் 'ஈரக் கழிவு' என்று ஒரு லொகேஷன். தளத்திலிருந்து 400 கிலோ எடுத்து 385 அட்டிக்குப் போனால் மிச்சம் 15 கிலோ அங்கே போகட்டும். எலி கடித்தது, மூட்டை கிழிந்து கொட்டியது எல்லாம் வேறு லொகேஷன். எந்த ஊர் வற்றலில் எவ்வளவு ஈரம் போகிறது என்று வருஷக் கடைசியில் முதலாளி கேட்பார், அப்போது எடுத்துக் கொடுக்கலாம். இதற்கு வற்றலைக் கிலோவில் கணக்கு வையுங்கள், மூட்டையில் வைக்காதீர்கள். லாட் எண்ணும் போடுங்கள், ஒவ்வொரு லாரிக்கும் ஒன்று.

கடைசியாக ஒன்று. ஓடூவில் ஒரு நகர்வு எப்போது நடந்தது என்பது நீங்கள் வேலிடேட் அழுத்திய நேரம்தான். பகலில் நோட்டில் எழுதி வைத்து இரவு ஒரே ஆள் உட்கார்ந்து மூன்று கட்டத்தையும் வரிசையாக அழுத்தினால், இறங்கியதும் பதம் பார்த்ததும் அட்டி போட்டதும் இரவு 9 மணிக்கு ஒரே நிமிஷத்தில் நடந்ததாகத்தான் பதியும். அதற்கு ஒரு கட்டமே போதுமே. பார்கோடு ஆப் கம்யூனிட்டி பதிப்பில் கிடையாது, ஆனால் போன் பிரவுசரிலேயே வேலிடேட் செய்யலாம். மேஸ்திரிகளுக்குத் தனித்தனி லாகின் கொடுங்கள். யார் அழுத்தினார்கள் என்பதும் பதியும்.

ஆலங்குளம்_கிட்டங்கி எழுதியது:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அண்ணாச்சியின் 'கை மாறினால், இராத் தங்கினால்' கணக்கை முதலாளியிடம் வாசித்துக் காட்டினேன். ஆய்வுக் கட்டம் வற்றலுக்கும் மல்லிக்கும் மட்டும் போதும் என்றதும் ஒத்துக்கொண்டார். மஞ்சள் பெயின்ட் வாங்க ஆள் போயிருக்கிறது.

ஒரு சந்தேகம். மூத்த மேஸ்திரி தொழிலில் கெட்டிக்காரர், அட்டியைப் பார்த்தே எத்தனை மூட்டை என்று சொல்லிவிடுவார், ஆனால் போனில் அழுத்தச் சொன்னால் தயங்குகிறார். கிட்டங்கித் தகரக் கூரைக்குள் சிக்னலும் சரியாக இல்லை. அவருக்காக நான் அழுத்தலாமா, அல்லது அதுவும் இரவுக் கணக்கு மாதிரி ஆகிவிடுமா?

இன்னொன்று, எங்கள் கடைகளுக்குப் போகும் சரக்கு. இங்கே வேனில் ஏற்றியதும் அம்பாசமுத்திரம் இருப்பில் ஏறிவிடுகிறது. வேன் முக்கூடலில் டயர் பஞ்சராகி நின்றாலும் அங்கே கடையில் சரக்கு இருப்பதாகக் காட்டுகிறது. இதற்கும் கட்டம் போடலாமா? வரிக் கணக்கில் ஏதாவது சிக்கல் வருமா?

சந்திப்பு_வரிக்கணக்கு எழுதியது:

வரி பற்றிக் கேட்டதால் வருகிறேன். கட்டம் பிரிப்பதால் சிக்கல் எதுவும் இல்லை, உங்களுக்குச் சாதகம்தான்.

ஜிஎஸ்டி விதி 56-இல், காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரி முறை) இல்லாத பதிவு பெற்ற வியாபாரி வைக்க வேண்டிய சரக்குக் கணக்கு பற்றி இருக்கிறது. தொடக்க இருப்பு, வரவு, விற்பனை, இவற்றோடு தொலைந்தது, திருடு போனது, அழிந்தது, கணக்கிலிருந்து கழித்தது, இலவசமாகவோ மாதிரியாகவோ கொடுத்தது என்று தனித்தனியே தெரிய வேண்டும். பாளை தம்பி ஈரக் கழிவையும் சேதாரத்தையும் வேறு வேறு இடத்தில் வைக்கச் சொன்னது இதற்கும் உதவும். அழிந்த, தொலைந்த சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை (கொள்முதலில் கட்டி, நம் வரியில் கழித்துக்கொள்வது) ஜிஎஸ்டி சட்டப் பிரிவு 17(5)(எச்) படித் திருப்பிக் கட்ட வேண்டிவரும். இயல்பாக ஈரம் போய் எடை குறைவது வேறு, எலி தின்று மூட்டையே வீணாவது வேறு. இரண்டையும் ஒரே தலைப்பில் போட்டு வைத்தால் பிறகு விளக்கம் சொல்வது கஷ்டம். உங்கள் 50 கிலோ மூட்டைப் பருப்புக்கு வரி இல்லை, அதனால் இந்தக் கவலை முக்கியமாக 5 சதவீதத்தில் வரும் வற்றலுக்கும் மல்லிக்கும்தான்.

வரவு விஷயத்திலும் ஒன்று. பிரிவு 16 படி சரக்கைப் பெற்றுக்கொண்ட பிறகுதான் உள்ளீட்டு வரியை எடுக்க முடியும். ஒரே பில்லுக்கான சரக்கு 2 லாரியில் பிரிந்து வந்தால் கடைசி லாட் வந்த பிறகு. பில் வந்த அன்றே வரவு போட்டுவிடும் பழக்கம் இந்த இடத்திலும் இடிக்கும். மேஸ்திரி வாசலில் அழுத்தும் தேதி உங்களுக்கு ஒரு சாட்சி.

அம்பாசமுத்திரமும் தென்காசியும் அதே ஜிஎஸ்டி எண்ணில் கூடுதல் இடங்களாகப் பதிவாகியிருந்தால் அங்கே சரக்கு அனுப்புவது விற்பனை ஆகாது, பில்லுக்குப் பதில் டெலிவரி சலான் போதும். சலான் எண்ணை ஓடூ நகர்விலும் குறித்துவிடுங்கள்.

இதோடு ஒரு வேண்டுகோள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது, தாமிரபரணி திருநெல்வேலி சந்திப்பு வரை ஏறி வந்தது. அதற்குப் பிறகு இழப்பீடு கேட்ட வியாபாரிகளின் கணக்குகளை நானும் பார்த்தேன். மொத்தம் எவ்வளவு சரக்கு இருந்தது என்று எல்லாராலும் காட்ட முடிந்தது. எந்தக் கொட்டகையில், தரையிலா மேடையிலா என்று கேட்டபோதுதான் பலர் தடுமாறினார்கள். இடவாரியாகப் பதிந்து வைத்தவர்களுக்கு அந்தப் பேச்சே எழவில்லை. நீங்கள் இடம் பிரிக்கும்போதே மேடை மேல் இருப்பதையும் தரையில் இருப்பதையும் பிரித்து வையுங்கள். பதிவின் நகல் கிட்டங்கிக் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கக் கூடாது, வெளியிலும் ஒன்று இருக்கட்டும்.

பாளை_ஓடூ எழுதியது:

கடைச் சரக்குக்குப் பதில். அம்பாசமுத்திரம், தென்காசி இரண்டையும் தனித்தனி வேர்ஹவுஸாக வையுங்கள். அவற்றின் அமைப்பில் 'ரீசப்ளை ஃப்ரம்' என்ற இடத்தில் உங்கள் கிட்டங்கியைத் தேர்ந்தெடுத்தால், நடுவில் டிரான்சிட் லொகேஷன் ஒன்று வந்துவிடும். இங்கே ஏற்றியதும் சரக்கு டிரான்சிட்டுக்குப் போகும், அங்கே கடைப்பையன் எண்ணி வேலிடேட் செய்த பிறகுதான் கடை இருப்பில் ஏறும். முக்கூடலில் வேன் நின்றால் சரக்கு வேனில் இருக்கிறது என்றே கணக்கும் சொல்லும். அண்ணாச்சி கணக்குப்படி பார்த்தாலும் இங்கே மேஸ்திரி கையிலிருந்து டிரைவர் கை, அங்கிருந்து கடைக்காரர் கை.

சிக்னலுக்கு, வாசல் பக்கம் ஒரு சின்ன வைஃபை ரூட்டர் வைத்தால் போதும். அட்டி வரை எட்ட வேண்டியதில்லை. வரவு, போக்கு இரண்டுமே வாசலில்தான் நடக்கின்றன.

விகேபுரம்_ஸ்டோர்ஸ் எழுதியது:

மேஸ்திரிக்காக நீங்கள் அழுத்தலாம் அம்மா, ஆனால் அவர் கையெழுத்து வேண்டும். ஒவ்வொரு லாரிக்கும் ஒரு அட்டை போடுங்கள், கெட்டி அட்டையாக இருக்கட்டும். லாட் எண், சரக்கு, பில்லில் உள்ள மூட்டை இவை மேலே. கீழே மூன்றே வரி: இறங்கியது, பதம் பார்த்தது, அட்டி ஏறியது. ஒவ்வொரு வரியிலும் எண்ணிக்கை, மணி, கையெழுத்து. அட்டை அந்த மூட்டைகளோடேயே நகர வேண்டும், மேஸ்திரி சட்டைப்பையில் இருக்கக் கூடாது. ஒரு வரி நிரம்பியதும் லோடுமேன் ஒருவர் அதை உங்களிடம் கொண்டுவந்து காட்டட்டும், நீங்கள் அழுத்திவிட்டு ஒரு டிக் போட்டுத் திருப்பிக் கொடுங்கள். பகலில் ஒவ்வொன்றாக வந்தால் அது இரவுக் கணக்கு ஆகாது.

அட்டை நின்ற இடத்தைப் பார்த்தே சரக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று முதலாளியும் தெரிந்துகொள்ளலாம். கொஞ்ச நாளில் அந்த மேஸ்திரியே போனை வாங்கி அழுத்த ஆரம்பித்துவிடுவார். எழுதத் தெரிந்த கை அழுத்தவும் பழகும். அவரை அவசரப்படுத்தாதீர்கள். அட்டியைப் பார்த்தே எண்ணிக்கை சொல்கிற ஆள் கிடைப்பது அரிது. அவர் சொல்லும் எண்ணிக்கையைத்தான் உங்கள் கம்ப்யூட்டர் காட்ட வேண்டும்.

சாயந்திரம் கதவடைக்கும் முன்னால் 'இறக்கும் இடம்', 'ஏற்றும் இடம்' இரண்டையும் மட்டும் தினமும் எண்ணுங்கள். சின்ன இடங்கள், கால் மணி நேரம் ஆகாது. கணக்கு பிசகுவது பெரும்பாலும் அங்கேதான், அட்டியில் இல்லை. அட்டிகளை வாரம் ஒரு வரிசையாக எண்ணினால் போதும்.

இன்னொரு சங்கதி, தம்பியும் கவனிக்கட்டும். அம்பாசமுத்திரம் போன வேன் திரும்பும்போது காலியாகவா வருகிறது? கடையில் விற்காத வற்றல், வண்டுபிடித்த பயறு என்று ஏதாவது ஏற்றிவிடுவார்களே. அது எந்தச் சீட்டும் இல்லாமல் வந்து வாசலில் இறங்கி, பாதி நல்ல அட்டியிலேயே போய் ஏறிவிடும். திரும்பி வரும் சரக்கையும் புதுச் சரக்கு மாதிரியே 'இறக்கும் இடத்தில்' இறக்கி, வற்றலானாலும் பயறானாலும் பதம் பார்க்கும் இடம் வழியாகவே விடுங்கள். இதில் மட்டும் பருப்புக்கு விலக்குக் கொடுக்காதீர்கள். வண்டு ஒரு மூட்டையில் வந்தால் அந்த அட்டி முழுக்கப் போய்விடும்.